பனி கொட்டினால் வெப்பமயமாதல் பொய்யா?



நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். அமெரிக்காவில் கார்கள் பனியில் புதைந்து கிடக்கின்றன. "உலகம் சூடாகுதுன்னு சொன்னீங்களே மாமா, இது என்ன?" என்று கேள்வி. கீழே நாலைந்து சிரிப்பு எமோஜி.

என்னால் அவனைக் கோபிக்க முடியவில்லை. பல வருடங்களுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், சூடு கூடினா பனி அதிகமாகவும் கொட்டுமா?" என்று கேட்டாள். "சூடானா உருகும், உட்காரும்மா" என்று அடக்கிவிட்டேன். தவறு என்னுடையது.

பஃபலோ நகரம் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி நீரில் வெப்பம் மிச்சமிருக்கும். அதன்மேல் நீளவாக்கில் வீசும் கடுங்குளிர்க் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு போய்க் கரையில் பனியாகக் கொட்டும். 2022 நவம்பரில் பஃபலோவை ஒட்டிய சில ஊர்களில் 6 அடிக்கும் மேல் கொட்டியது. ஏரி உறைந்துவிட்டால் பானைக்கு மூடி போட்ட மாதிரி, ஆவி எழாது. பூமி சூடாக ஆக, அந்த மூடி விழுவது தள்ளிப்போகிறது. இடையில் குளிர்காற்று வந்தால் பனி குவியும். சூடு இன்னும் ஏறினால், அதே ஈரம் மழையாக விழும்.

காஷ்மீரில் கதை வேறு. டிசம்பர் 21 முதல் 40 நாள் 'சில்லாய் கலான்' என்னும் கடுங்குளிர்க் காலம். அப்போது விழும் பனிதான் இறுகி நின்று, பிறகு மெல்ல உருகி ஓடைகளுக்கு நீர் தரும். 2024 ஜனவரியில் குல்மார்க்கின் பனிச்சறுக்குச் சரிவுகள் வெறும் புல்லாகக் கிடந்தன. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரம் கொண்டுவரும் மேற்கத்திய இடையூறுகள் அப்போது சரியாக வரவில்லை. பனி பின்னால் வந்தது. ஆனால் தாமதமாக விழும் பனி வெயில் ஏறும் காலத்தில் சீக்கிரம் உருகிவிடும். ஆப்பிள் தோட்டக்காரருக்குக் கோடையில் தண்ணீர்க் கவலை.

அதனால் ஒரு ஊரின் பனியை வைத்து உலகத்தை அளக்காதீர்கள். எவ்வளவு விழுந்தது என்பதோடு, எப்போது விழுந்தது, எத்தனை நாள் நின்றது என்றும் கேளுங்கள்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு இன்னொன்று: கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.

அந்த மாணவி இதைப் படித்தால்: அம்மா, நீ கேட்டது சரியான கேள்வி. தாமதமாகத் தருகிறேன், முழு மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் புவியியல் வாத்தியார்