எல்லைப்புறத்துக் குழந்தைகளின் கண்கள்

குழந்தையின் கருவிழியில் பூனைக்கண் போல் ஒரு வெண்மை பளிச்சிட்டால், "நாளானால் சரியாய்ப் போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவதுண்டு. அது நாளானால் சரியாகும் விஷயமன்று. விழித்திரையில் தோன்றும் ரெடினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அவ்வெண்மையே. சில குழந்தைகளுக்கு மாறுகண்ணாகத் தொடங்கும். ஏறக்குறைய 16,000 முதல் 18,000 சிசுக்களில் ஒன்றுக்கு வரும் அபூர்வ நோய்தான். ஆயினும் நமது தேசத்தில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை, அநேகமாக ஐந்து வயதுக்குள்ளேயே, அது பீடிக்கிறது.

நோய் கண்ணுக்குள் அடங்கியிருக்கையில் கண்டுகொண்டால் உயிருக்குப் பெரும்பாலும் அபாயமில்லை. பல சமயங்களில் கண்ணும் தப்பும். கண்குழிக்குள் பரவிவிட்டாலோ விழி பிதுங்குகிறது. முதலில் மருந்து, பிறகு கண்ணை அகற்றும் சத்திர சிகிச்சை, அதன்மேல் கதிர்ச் சிகிச்சை, மறுபடியும் மருந்து என்று மாதங்கள் செல்லும். அதன் பின்னும் பிழைப்பு நிச்சயமன்று. செல்வ நாடுகளில் இந்நிலைக்கு வரும் குழந்தைகள் மிகச் சிலரே. இங்கு அவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் வெட்கத்துடனேயே எழுதுகிறோம்.

ஓசூருக்குப் பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னையிலோ 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையமும், 1978-ல் தோன்றிய சங்கர நேத்ராலயாவும் உள்ளன. ஆகவே தூரம் தடையன்று. சிப்காட் ஆலையில் தினக்கூலிக்கு உழைக்கும் தகப்பனுக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி என்பது ஒருநாள் கூலி நஷ்டம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒற்றை அறையில் குடியிருப்போருக்கு, யாரிடம் எந்தப் பாஷையில் கேட்பது என்பதே தெரியாது. கண்ணை எடுத்துவிடுவார்களே என்று அஞ்சி, பாதியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் பெற்றோரும் உண்டு. அவர்களைப் பாமரர் என்று பழிப்பது சுலபம். பெண் குழந்தையாயின் அதன் விவாகத்தை நினைத்து அத்தாய் அழுவதை யார் குறைகூறுவது? செயற்கைக் கண் பொருத்தலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

2021 ஆகஸ்டு 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' துவக்கப்பட்டது இதே ஜில்லாவின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். பெரியவர்களின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தேடி வீடு செல்லும் சர்க்கார், சிசுவின் கண்ணையும் ஏன் தேடலாகாது? தடுப்பூசிக்கு, குறிப்பாக ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கு, குழந்தை வரும்போது இருட்டறையில் சிறு ஒளிக்கருவியால் இரு கண்களையும் நோக்கினால் போதும். ஆரோக்கியமான கண்ணில் செவ்வொளி திரும்பும். ஒன்றில் வெண்மை கண்டால், அல்லது இரண்டும் வேறுபட்டால், அன்றே கண் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். ஒரு நிமிஷ வேலை. நோய் வம்சவழியாகவும் வருவதாகையால், நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தோரையும் பார்க்க வேண்டும்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி இந்த ஜில்லாவின் நர்ஸுகளுக்கு இப்பழக்கத்தைக் கற்பிக்க முன்வரட்டும். அறிவிப்புகள் தமிழோடு தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் ஆலை வாசல்களில் ஒட்டப்படட்டும். குழந்தையை அழைத்துச் செல்லும் தொழிலாளிக்கு அன்றைய கூலியைப் பிடிக்காதிருக்க ஆலை முதலாளிகள் சம்மதிப்பார்களா என்று அறிய விரும்புகிறோம்.