எல்லாமே 'ஐ லவ் யூ' அல்ல

வெளியூரில் வேலை பார்க்கும் இத்தாலிய மகன், அம்மாவிடம் போனை வைக்கும் முன் 'தி வோல்யோ பேனே' என்பான். 'தி ஆமோ' என்று சொன்னால் அம்மாவுக்கே தூக்கிவாரிப்போடும். முன்னது 'உனக்கு நல்லதை விரும்புகிறேன்' என்பதில் பிறந்த தொடர்; தாத்தா, தங்கை, தோழன் என்று யாருக்கும் பொருந்தும். குறுஞ்செய்தியில் மூன்றே எழுத்தாகச் சுருங்கும் அளவுக்குப் புழங்குகிறது. பின்னது காதலர்களுக்கும் தம்பதிகளுக்கும் உரியது.

ஸ்பெயினிலும் ஏறக்குறைய இதே கதைதான். 'தே கியேரோ' வீட்டுக்குள் தாராளமாக உலவும், 'தே ஆமோ' கனமானது. ஆனால் லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் பெற்ற பிள்ளையிடம் 'தே ஆமோ' சொல்வதும் சகஜம். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் விசித்திரம்: அம்மாவுக்கும் காதலிக்கும் 'ஜ தெம்' ஒன்றுதான். அதோடு 'நன்றாக' என்று பொருள்படும் 'பியான்' சேர்ந்தால் அன்பு கூடாது, குறைந்துவிடும். காதலைச் சொன்னவனுக்கு அந்தப் பதில் கிடைத்தால், நண்பனாகவே இருந்துகொள் என்று அர்த்தம்.

இவையெல்லாம் லத்தீனின் வாரிசுகள். 'ரொமான்ஸ் மொழிகள்' என்ற பெயரை வைத்து இவற்றைக் காதலின் தாய்வீடாக்குவது வெறும் விளம்பரம்; அந்தப் பெயருக்கு மூலம் ரோம் நகரம்தான். அதே குடும்பத்து ருமேனிய மொழி, காதலுக்கான 'யுபிரே' என்ற சொல்லின் வேரை அண்டை வீட்டு ஸ்லாவிய மொழியிலிருந்து வாங்கிக்கொண்டது.

கொஞ்சல் என்று வந்துவிட்டால் கவிதை போய் அடுப்படி வந்துவிடுகிறது. பிரான்சில் செல்லமானவர் 'முட்டைக்கோஸ்', சில சமயம் 'தெள்ளுப்பூச்சி'. அர்ஜென்டினாவில் மனைவியைக் 'குண்டம்மா' என்ற பொருளில் 'கோர்தா' என்றழைப்பார்கள். அவர் ஒல்லியாக இருந்தாலும் அதேதான். ருமேனியத் தாய் தன் குழந்தையையே 'அம்மா' என்று கூப்பிடுவாள். 'வாம்மா', 'சாப்பிடுப்பா' என்று பிள்ளைகளை அழைக்கும் தமிழ் வீட்டுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சிக்கல் மொழிபெயர்ப்பில்தான். ஸ்பானிய, இத்தாலியத் தொடர்கள் இன்று ஓடிடியில் தமிழ் பேசுகின்றன. ஆங்கில வசனத்தை நடுவில் வைத்து மொழிபெயர்த்தால் 'தே கியேரோ', 'தி வோல்யோ பேனே', 'தி ஆமோ' மூன்றும் 'ஐ லவ் யூ' என்ற ஒரே குழியில் விழும். அங்கிருந்து தமிழுக்கு வரும்போது அப்பாவும் மகளிடம் 'உன்னை நேசிக்கிறேன்' என்பார். எந்தத் தமிழ் அப்பா அப்படிப் பேசினார்? 'உடம்பைப் பாத்துக்கம்மா' என்றால் அதே வேலை முடிந்தது. வசனத்தில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்க்காத மொழிபெயர்ப்பு, அகராதி வேலையோடு நின்றுவிடுகிறது. டப்பிங் நிறுவனங்கள் மூலமொழி தெரிந்த ஒருவரையாவது வசன மேஜையில் உட்காரவைக்க வேண்டும்.