தொலைநிலைக் கற்பித்தல்: அறிவியல் ஆசிரியர்களுக்குத் தோள் கொடுக்கும் சக ஆசிரியர்கள்

புதுடெல்லி, ஜன. 6, 2021: சிபிஎஸ்இ பொதுத் தேர்வுகள் மே 4-ஆம் தேதி தொடங்கும் என்றும், செய்முறைத் தேர்வுகள் மார்ச் 1 முதல் நடைபெறும் என்றும் மத்திய கல்வி அமைச்சர் ரமேஷ் பொக்ரியால் நிஷங்க் கடந்த டிசம்பர் 31-ஆம் தேதி அறிவித்தார். கடந்த மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டது முதல் ஆய்வகப் பயிற்சியைப் பெருமளவு இழந்த மாணவர்களை இரண்டே மாதங்களில் தயார்படுத்தும் பொறுப்பு இப்போது அறிவியல் ஆசிரியர்களைச் சேர்ந்துள்ளது.

அரசின் தரப்பில் உதவிகள் இல்லாமல் இல்லை. கடந்த மே மாதம் 'பிஎம் இ-வித்யா' திட்டம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளின் பாடத்திட்டத்தை 30 சதவீதம் வரை சிபிஎஸ்இ குறைத்தது. 'திக்‌ஷா' தளத்தில் ஆசிரியர் பயிற்சிகளும் நடைபெறுகின்றன. ஆனால், அமிலமும் காரமும் நடுநிலையாகும் கணத்தில் தோன்றும் நிறமாற்றத்தைக் கைபேசித் திரையில் எவ்வாறு காட்டுவது என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் விடை இல்லை.

அந்த விடையை ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்று வருகின்றனர். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒருவர் எடுத்த சோதனைக் காணொளியை மற்றவரும் பயன்படுத்துகின்றனர். மஞ்சள் தூளையும் சோப்பு நீரையும் கொண்டு காரத்தன்மையை அறிவது, நூலில் பூட்டைக் கட்டித் தனி ஊசல் அமைப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் பகிரப்படுகின்றன. கணினிப் பழக்கம் குறைந்த மூத்த ஆசிரியர்களுக்கு இளையவர்கள் துணை நிற்க, கடினமான பாடங்களை விளக்கும் முறையை மூத்தவர்கள் எடுத்துரைக்கின்றனர்.

இத்தகைய ஒத்துழைப்பு இந்தியாவுக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தில் 1972 முதல் 2002 வரை நடைபெற்ற ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி வகுப்பறைச் சிக்கல்களை விவாதித்தனர். எளிய பொருள்களைக் கொண்டு மாணவர்களே சோதனை செய்வது அத்திட்டத்தின் அடிப்படையாகும். அன்று மாதம் ஒருமுறை நடந்த உரையாடல் இன்று நாள்தோறும் கைபேசியில் நடைபெறுகிறது.

எனினும், இதற்கு எல்லைகள் உண்டு. கடந்த அக்டோபரில் வெளியான 'ஏசர்' ஆய்வின்படி, ஊரகப் பகுதிகளில் பள்ளியில் சேர்ந்துள்ள குழந்தைகளின் வீடுகளில் 61.8 சதவீதத்தில் மட்டுமே ஸ்மார்ட்போன் உள்ளது. ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்குப் பள்ளியிலிருந்து கற்றல் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் எத்தனை காணொளிகளைப் பகிர்ந்தாலும் அவை இந்தக் குழந்தைகளைச் சென்றடையாது. மேலும், பியூரெட்டைத் திறந்து துளித்துளியாக விடும் கைப்பழக்கமும், திருகு அளவியைப் படிக்கும் திறனும் பார்ப்பதால் மட்டும் வருவன அல்ல.

இந்த உழைப்பு பெரும்பாலும் ஆசிரியர்களின் சொந்த நேரத்திலும் சொந்தச் செலவிலும் நடைபெறுவது மற்றொரு சிக்கல். ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது புதிய தேசிய கல்விக் கொள்கை. சக ஆசிரியர்களுடன் சேர்ந்து பாடம் திட்டமிடும் நேரத்தையும் இந்த 50 மணி நேரத்தில் கணக்கிடுவதே பொருத்தமாக இருக்கும். இல்லையெனில், பள்ளிகள் முழுமையாகத் திறந்ததும் நெருக்கடியில் உருவான இந்தக் குழுக்கள் கலைந்துவிடும். அவற்றில் சேர்ந்த அனுபவமும் அவற்றோடு மறையும்.