தூரத்துப் பாடமும் தூரத்து மேலதிகாரியும்

தாராவியில் ஒரு கோலி. பத்தடிக்குப் பத்தடி. அதற்குள் ஐந்து பேர். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அதையும் குடும்பத் தலைவர் காலையில் வேலைக்குப் புறப்படும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடத்து ஆன்லைன் வகுப்போ காலை பத்து மணிக்கு! கொரோனா காலத்தில் மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த நிலைமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வகுப்பு நடந்தது, வருகைப் பதிவேடும் எழுதப்பட்டது, பிள்ளை மட்டும் வகுப்பில் இல்லை.

2020 மார்ச்சில் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. மும்பையில் 1 முதல் 7 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 டிசம்பர் 15-ல்தான் கதவு திறந்தது. திறந்த சில வாரங்களிலேயே மீண்டும் மூடி, 2022 ஜனவரி இறுதியில் மறுபடி திறந்தார்கள். ஏறத்தாழ இரண்டு கல்வியாண்டுகள் கைப்பேசியை நம்பியே கழிந்தன. அந்தக் கைப்பேசி எத்தனை வீடுகளில் இருந்தது? 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூறு குடும்பங்களில் சுமார் 24 குடும்பங்களுக்குத்தான் இன்டர்நெட் வசதி இருந்தது. கம்ப்யூட்டர் இருந்தது 11 குடும்பங்களில். இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் ஆன்லைன் கல்வி என்ற மாடி எழுப்பப்பட்டது.

விளைவு என்ன? 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் எளிய குடும்பங்களிடையே நடந்த ஓர் ஆய்வில், கிராமத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு 8 பேரும், நகரத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு 24 பேரும் மட்டுமே ஒழுங்காக ஆன்லைனில் படித்ததாகத் தெரிய வந்தது. 'அசர்' அறிக்கை இன்னொரு கணக்கைச் சொல்கிறது. இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-ல் நூற்றுக்கு 27 பேர். 2022-ல் அது 20-ஐ ஒட்டி இறங்கிவிட்டது.

முடிந்துபோன கதையை இப்போது கிளறுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கதை முடியவில்லை. 2020-ல் முதல் வகுப்பில் சேரவேண்டிய குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டிய வயதை வீட்டுக்குள் கழித்துவிட்டு, நடுநிலை வகுப்புகளுக்கு வந்திருக்கிறது. அன்று விழுந்த ஓட்டை அதனுடன் கூடவே வருகிறது. தவிர, பள்ளியை மூடுவதற்குக் கொரோனாதான் வரவேண்டும் என்பதில்லை. 2024 நவம்பரில் டில்லியில் காற்று மாசு மிஞ்சியதும் வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். மழைக்காலத்தில் மும்பையின் நிலைமையும் எல்லோருக்கும் தெரிந்ததே. அடுத்த முறை கதவு மூடப்படும்போதும் அதே தவறு நடக்கவேண்டுமா?

தபாலில் வந்த பட்டம்

ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் இருந்து படிப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. டில்லிப் பல்கலைக் கழகம் 1962-லேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரையில் 1971-லும், அண்ணாமலையில் 1979-லும் அது வந்தது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் பிறந்தது. பகலில் பைல் கட்டிப் புரட்டி, இரவில் தெரு விளக்கிலும் ரயில் பெட்டியிலும் பாடம் படித்து, பட்டம் வாங்கிப் பதவி உயர்வு பெற்ற தமிழ் குமாஸ்தாக்கள் மும்பையில் எத்தனையோ பேர். அவர்கள் கையில் ஸ்மார்ட்போன் இருந்ததில்லை. பிறகு எப்படிப் படித்தார்கள்?

அந்தப் பாடப் புத்தகங்களின் அமைப்பே அதற்கு விடை. வகுப்பில் ஆசிரியர் பேசுவதை அப்படியே அச்சடித்து அனுப்பவில்லை. நல்ல தொலைநிலைப் பாடம் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு முறை "இதுவரை படித்தது புரிந்ததா?" என்று சோதிக்கும் கேள்விகள் குறுக்கிடும், விடை பாடத்தின் கடைசியில் இருக்கும். படிக்கும் நேரம் மாணவர் கையில். எழுதி அனுப்பும் ஒப்படைப்பு திருத்தப்பட்டு, சிவப்பு மையில் இரண்டு வரி குறிப்போடு திரும்பி வரும். திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் பல படிப்புகளில் இந்த ஒப்படைப்புகளுக்கு 30 சதவீதம் மதிப்பெண் உண்டு. விடுமுறை நாளில் போய்ச் சந்தேகம் கேட்க ஒரு படிப்பு மையமும் உண்டு.

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பில் கைவிடப்பட்டவை இவைதான். நாற்பது நிமிடப் பிரசங்கம் அப்படியே காமிராவுக்கு மாற்றப்பட்டது. கறுப்புப் பலகை ஐந்து அங்குலத் திரைக்குள் சுருங்கியது. கேள்வி கேட்க வாய்ப்பில்லை. கேட்டாலும் குரல் உடைந்தது. வீட்டுப் பாடத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக்கோடு விழும், திருத்தம் வராது. பழைய தபால்காரர் கொண்டுவந்த இரண்டு வரிக் குறிப்புக்கு இருந்த மதிப்பு இந்த நீலக்கோட்டுக்கு ஏது?

அரசுக்கு இது தெரியாமலும் இல்லை. 2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டி, எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்றே சொன்னது. ஆனால் நேரத்தைக் குறைத்தால் போதுமா? அந்த நேரத்துக்குள் என்ன நடக்கவேண்டும் என்பதல்லவா முக்கியம்?

நல்ல பாடத்துக்கு நாலு இலக்கணம்

முதலாவது, தொலைவிலிருந்து நடத்தும் பாடம், வீட்டில் போன் இருக்கும் நேரத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். காலை பத்து மணிக்கு நேரில் வந்தால்தான் பாடம் என்ற நிபந்தனை, தகப்பனார் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் குடும்பத்தைக் கழித்துக் கட்டிவிடுகிறது. பதிவு செய்த பாடமே பொதுவிதி ஆகவேண்டும். நேரடி வகுப்பு வாரத்துக்கு ஓரிரு முறை, சந்தேகம் தீர்க்க மட்டும்.

இரண்டாவது, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பாடம் நீளக்கூடாது. அதன் முடிவில் பிள்ளை கையால் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கவேண்டும்.

மூன்றாவது, டேட்டாவும் காசுதான். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு பல நூறு எம்.பி.யை விழுங்கும். அதே விளக்கம் குரல் பதிவாக வந்தால் சில பத்து எம்.பி.யில் அடங்கிவிடும். அச்சடித்த பயிற்சித்தாளும் ஒரு குரல் பதிவும் சேர்ந்தால் ஏழை வீட்டுக்கு அதைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை.

நான்காவதே தலையாயது. அனுப்பிய வேலைக்குப் பதில் வரவேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்து, "இந்தக் கணக்கில் இந்த இடத்தில் தவறினாய்" என்று சொல்லவேண்டும். குழந்தையைப் படிப்போடு கட்டிவைக்கும் கயிறு அதுதான்.

இவை மும்பைத் தமிழருக்கு இன்னும் அவசியமானவை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது; அவற்றில் தமிழும் ஒன்று. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இருக்கிறது என்றாலும் அங்கே பாடத்திட்டம் வேறு, இங்கே வேறு. ஆகவே இங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்கு இங்குள்ள ஆசிரியர் தயாரிக்கும் பாடம்தான் கதி.

ஆசிரியரை நடத்தியது யார்?

குற்றத்தை ஆசிரியர் தலையில் போட்டுவிட்டு ஒதுங்குவது நியாயமல்ல. கரும்பலகையில் இருபது ஆண்டு எழுதிப் பழகியவரை ஒரே வாரத்தில் காமிரா முன் நிறுத்தினார்கள். பல ஊர்களில் கொரோனா கணக்கெடுப்புக்கும் அவரையே அனுப்பினார்கள். தூரத்திலிருந்து அவரை நடத்திய முறையோ இன்னும் மோசம். வகுப்பெடுத்ததற்குப் படம் அனுப்பு, வந்தவர் எண்ணிக்கையை அனுப்பு, அதை ஒரு படிவத்தில் எழுது, அதே கணக்கை வேறொரு படிவத்திலும் எழுது என்று ராத்திரி பத்து மணிக்கும் செய்தி வந்துகொண்டிருந்தது. படிவம் நிரம்பியது, பாடம் காலியானது.

அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய கதை. வீட்டிலிருந்தபடி வேலை என்று அறிவித்ததும், நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதே பல மேலதிகாரிகளுக்கு வேலையாகிவிட்டது. காலையில் ஒரு வீடியோ கூட்டம், மாலையில் ஒன்று, நடுவில் மணிக்கு ஒரு கணக்கு. செய்த வேலையைவிட, செய்ததாகச் சொன்ன வேலைக்கே நேரம் போயிற்று.

ஆனால் தூரத்திலிருந்து வேலை வாங்குவதும் புதிய வித்தையா? தலைமை அலுவலகம் ஒரு நகரத்தில், கிளை ஆயிரம் மைலுக்கு அப்பால் என்று வங்கிகளும் கம்பெனிகளும் ரயில்வேயும் தபாலையும் தந்தியையும் நம்பியே பல பத்தாண்டுகள் நடந்தன. டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலத்தில் மணிக்கு ஒரு தடவை விசாரிக்க முடியுமா? மாதக் கடைசியில் கணக்குத் தாள் போகும். ஆண்டுக்கொரு முறை தணிக்கையாளர் வருவார். இன்ன வேலை இன்ன தேதிக்குள் முடியவேண்டும் என்பது தெளிவாக இருந்தது. எப்படி முடிப்பது என்பதைக் கிளைக்காரர் பொறுப்பில் விட்டார்கள். தவறு செய்தவர் அப்போதும் அகப்பட்டார்.

தலைமை ஆசிரியரும் அதைச் செய்யலாம். வாரத்துக்கு ஒரு குறிக்கோள், ஒரே ஒரு படிவம், செய்தி அனுப்ப ஒரு குறித்த நேரம், அந்த நேரத்துக்கு அப்பால் ஓய்வு. ஒரு பாடத்தை நன்றாகத் தயாரிக்கத் தெரிந்தவர் அதைத் தயாரிக்கட்டும். பிள்ளைகளோடு பேசத் தெரிந்தவர் தினம் பத்து வீடுகளுக்குப் போன் செய்யட்டும். எல்லோரும் எல்லாவற்றையும் செய்யவேண்டியதில்லை. ஆசிரியரிடம் தலைமை ஆசிரியர் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எத்தனை பேர் வந்தார்கள்?" என்பதல்ல. "வராதவர் யார், ஏன் வரவில்லை?" என்பதே.

இனி செய்யவேண்டியது

போன படிப்பை மீட்க வழியில்லாமலும் இல்லை. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே சிறு குழுக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவர் கூட்டாளிகளும் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாயிற்று. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. மீதி, பள்ளிக்கூடம் திறந்ததாலும் ஆசிரியர் உழைப்பாலும் வந்திருக்கவேண்டும். மனிதர் பக்கத்தில் உட்கார்ந்ததும் படிப்பு திரும்புகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் பஞ்சமில்லை. பொங்கல் விழாவுக்கு மேடை போடும் கைகள், மாலையில் ஒரு மணி நேரம் பத்துப் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாதா?

பெற்றோர் கையில் இன்னொரு கருவியும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கவேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் கூலியை விட்டுவிட்டு யார் போவது என்று இருந்துவிடக்கூடாது. போய் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: நாளைக்கே பள்ளியை மூடினால், போன் இல்லாத பிள்ளைக்குப் பாடம் எப்படிப் போய்ச் சேரும்? பதில் எழுத்தில் இருக்கவேண்டும். எந்த ஆசிரியர் எந்தப் பத்து வீடுகளுக்குப் பொறுப்பு என்பது பெயரோடு இருக்கவேண்டும்.

வெள்ளம் வந்த பிறகு அணை கட்ட முடியாது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார்கள். அதே விலையை அவர்களுடைய தம்பி தங்கைகளிடமும் வசூலிப்பது எந்த நியாயத்தில் சேரும்?