பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா கடலைச் சுத்தம் செய்துவிடுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

‘பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா கண்டுபிடிப்பு... இனி கடல் சுத்தம்!’ இப்படி ஒரு ஃபார்வர்டு வருடத்துக்கு இரண்டு முறையாவது வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழுகிறது. படிக்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தலைப்புகளுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளைத் திறந்து பார்த்தால், விஷயமே வேறு.

இதற்கு நல்ல உதாரணம் 2023 ஜனவரியில் வெளியான ஒரு ஆய்வு. நெதர்லாந்தின் டெக்சல் தீவில் இருக்கும் ராயல் நெதர்லாந்து கடல் ஆய்வு நிறுவனத்தில் மாய்க்கே கவுத்ரியான் என்பவர் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை அது. பாக்டீரியாவின் பெயர் ரோடோகாக்கஸ் ரூபர். ‘புதிய பாக்டீரியா’ என்று பலரும் பகிர்ந்தார்கள். அது ஏற்கெனவே தெரிந்த பாக்டீரியாதான். புதுசு என்னவென்றால், அது நிஜமாகவே பிளாஸ்டிக்கைத் தின்கிறதா, எவ்வளவு தின்கிறது என்று அளந்த விதம்.

தின்றதை எப்படி நிரூபிப்பது?

கேட்க எளிதாக இருக்கும், செய்வது கஷ்டம். ஒரு பிளாஸ்டிக் துண்டை பாக்டீரியாவோடு சில மாதம் ஊறப் போடுகிறோம். எடை கொஞ்சம் குறைகிறது, மேல்பரப்பில் குழிகள் தெரிகின்றன. பாக்டீரியா தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாமா? முடியாது. பிளாஸ்டிக்கை வளைக்கவும் நிறம் கொடுக்கவும் சேர்க்கும் ரசாயனங்களை மட்டும் அது தின்றிருக்கலாம். அல்லது துண்டு பொடிப்பொடியாக உதிர்ந்து தண்ணீரில் கலந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் போவதும் மக்கிப்போவதும் ஒன்றல்ல. இந்தத் துறையில் பல பழைய ஆய்வுகள் சறுக்கிய இடம் இது.

கவுத்ரியான் குழு பிளாஸ்டிக்குக்கே ஓர் அடையாளம் போட்டது. இயற்கையில் இருக்கும் கார்பனில் சுமார் 99 சதவீதம் கார்பன்-12. அதைவிடக் கொஞ்சம் கனமான கார்பன்-13 மீதி ஒரு சதவீதம்தான். இந்த அரிய கார்பன்-13 ஏற்றிய பாலிஎதிலினை எடுத்து, வெயிலில் மிதந்த குப்பை போல ஆவதற்காக முதலில் புற ஊதாக் கதிர்களில் காட்டி, பிறகு பாக்டீரியா இருந்த திரவத்தில் போட்டார்கள். குடுவையில் சேரும் கார்பன் டை ஆக்சைடில் கார்பன்-13 கூடினால், அது பிளாஸ்டிக்கிலிருந்துதான் வந்திருக்க முடியும். ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைக் குறித்து வைத்துவிட்டு, அது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது மாதிரி.

நோட்டு சிக்கியது. கார்பன் டை ஆக்சைடில் மட்டுமல்ல, பாக்டீரியாவின் செல் சவ்வில் இருக்கும் கொழுப்பு அமிலங்களிலும் அந்தக் கார்பன் இருந்தது. அதாவது, பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி பாக்டீரியாவின் உடம்பாகவே மாறியிருந்தது. வேகம்? போட்ட பாலிஎதிலினில் வருடத்துக்கு அதிகபட்சம் 1.2 சதவீதம்.

1.2 சதவீதம் போதுமா?

இங்கேதான் ஃபார்வர்டுகள் சொல்லாத கணக்கு வருகிறது. உலகக் கடல்களின் மேற்பரப்பில் சுமார் 2.69 லட்சம் டன் பிளாஸ்டிக் மிதப்பதாக 2014-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. அத்தனையும் பாலிஎதிலின், அத்தனையும் வெயிலில் பதமானது, அத்தனையின் மீதும் பாக்டீரியா ஆய்வக வேகத்தில் வேலை செய்கிறது என்று ரொம்பத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் காலியாவது சுமார் 3,200 டன்.

கடலுக்குள் புதிதாகப் போவது எவ்வளவு? 2010-ம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் முதல் 1.27 கோடி டன் வரை போனதாக 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. குறைந்த எண்ணையே எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 550 டன். பாக்டீரியாக்கள் வருடம் முழுக்க உழைத்துத் தின்றதை நாம் ஆறு மணி நேரத்துக்குள் திரும்பக் கொட்டிவிடுகிறோம். மிதக்கும் குப்பை அந்த மதிப்பீட்டைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று வைத்தாலும், இரண்டரை நாளில் கணக்கு சரியாகிவிடும்.

பக்கத்து உதாரணம் ஒன்று. 2021-ல் கொழும்பு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் இருந்தன. இதே 1.2 சதவீத வேகம் என்றால் முதல் வருடத்தில் மறைவது 20 டன். மீதிக் குருணைகளை இலங்கைக் கடற்கரைகளில் மனிதர்கள்தான் மணலைச் சலித்துப் பொறுக்கினார்கள்.

வெயில் இல்லாமல் வேலை இல்லை

பாலிஎதிலின் என்பது கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் நீளச் சங்கிலி. அந்தப் பிடியை நுண்ணுயிர்களால் நேரடியாக உடைப்பது கடினம். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சங்கிலியைக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால்தான் வாய்க்கு அடக்கமான துண்டுகள் கிடைக்கும். அதே நிறுவனத்தின் அன்னிகா வக்ஸ்மா குழு 2024-ல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் கதை. வடக்கு பசிபிக்கில் மிதந்த குப்பையிலிருந்து எடுத்த பாரென்ஜியோடோன்டியம் ஆல்பம் என்ற பூஞ்சை, நாளுக்குச் சுமார் 0.05 சதவீத வேகத்தில் பாலிஎதிலினைச் சிதைத்தது. உடனே 365-ஆல் பெருக்கிவிட வேண்டாம். இதுவும் ஆய்வக வேகம்தான். புற ஊதாக் கதிர் பட்ட பிளாஸ்டிக்கை மட்டுமே இந்தப் பூஞ்சை தொடுகிறது. வெயில் படும் முன்பே ஆழத்துக்குப் போய்விட்ட பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும்.

அப்போ ஜப்பான் பாக்டீரியா? 2016-ல் சகாய் நகரத்தில் கண்டறியப்பட்ட இடியோனெல்லா சகாயென்சிஸ் பற்றித்தான் பலரும் கேட்கிறார்கள். அது கடலில் கிடைத்ததல்ல, பாட்டில் மறுசுழற்சி மையத்தில் எடுத்தது. தின்பதும் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை. அதன் பிணைப்புகள் வேறு வகை, நொதிகளால் அறுக்கக்கூடியவை. அந்த வழியில் தொழிற்சாலை மறுசுழற்சிக்கு நிஜமாகவே எதிர்காலம் இருக்கிறது. ஆனால் தொட்டியில், சூட்டைக் கட்டுப்படுத்திச் செய்யும் வேலையைக் கடலில் எதிர்பார்க்க முடியாது.

பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சி?

கடலில் கொட்டப்பட்ட பிளாஸ்டிக்குக்கும் மேலே மிதப்பதாகக் கணக்கில் வரும் பிளாஸ்டிக்குக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. மிச்சம் எங்கே போனது? கொஞ்சம் கரை ஒதுங்கியிருக்கும், கொஞ்சம் மூழ்கியிருக்கும், கொஞ்சத்தை வெயில் உடைத்திருக்கும். நுண்ணுயிர்களின் பங்கு எவ்வளவு என்பதை ஊகிக்காமல் அளக்க இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. இது பிளாஸ்டிக் பிரச்சினைக்குத் தீர்வு அல்ல என்று கவுத்ரியானே ஆய்வு வெளியானபோது தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த வரி மட்டும் ஏனோ ஃபார்வர்டு ஆகவில்லை.

ஆகாததால் நஷ்டமும் உண்டு. பிளாஸ்டிக் உற்பத்திக்கே வரம்பு வைக்கலாமா என்ற கேள்வியில்தான் ஐ.நா. ஒப்பந்தப் பேச்சுகள் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்கின்றன. 2025 ஆகஸ்டில் ஜெனீவா சுற்றும் உடன்பாடு இல்லாமல் கலைந்தது. ‘இயற்கையே பார்த்துக்கொள்ளும்’ என்ற எண்ணம் பரவினால், வரம்பு வேண்டாம் என்பவர்களுக்குத்தான் வசதி.

கவுத்ரியானின் குடுவைச் சோதனையில் இருந்தது ஒரே ஒரு பாக்டீரியா. வாடன் கடலின் அடியிலிருந்து அள்ளிய நிஜச் சேற்றிலும் அவர் ஒரு முன்னோட்டச் சோதனை செய்தார். அங்கும் பிளாஸ்டிக் சிதைவதற்கான அறிகுறிகள் தெரிந்தன. எந்த வேகத்தில் என்பதுதான் அடுத்து அளக்க வேண்டியது.