ரேடியோ நிலையமும் லைசென்ஸ் புதுப்பித்தலும்

தஞ்சை ஜில்லாவில் 1960-களில் ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல் பரவியபோது, குடியானவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்' என்பதாகும். அதன் சாகுபடி முறைகளை வானொலியில் கேட்டே பலரும் பயிரிட்டமையால் அப்பெயர் வழங்கலாயிற்று. நல்ல விதையும் தக்க எருவும் போலவே, உரிய காலத்தில் காதில் விழும் சொல்லும் விவசாயத்துக்கு ஒரு சாதனம் என்பதற்கு இதனினும் வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

அக்காலத்து ஒலிபரப்பு முழுவதும் சர்க்காருடையது. இப்போதோ கிராமங்களின் அருகிலேயே சமுதாய வானொலி என்னும் சிறு நிலையங்கள் தோன்றியுள்ளன. 2002-ல் கல்வி ஸ்தாபனங்களுக்கு மட்டும் அளிக்கப்பட்ட இவ்வுரிமை, 2006-ல் விவசாய சர்வகலாசாலைகளுக்கும், வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும், தொண்டு ஸ்தாபனங்களுக்கும் விரிக்கப்பட்டது. 2008-ல் தெலுங்கு நாட்டில் மேடக் ஜில்லாவைச் சேர்ந்த மாச்சனூரில் ஏழைக் குடியானவப் பெண்களே நடத்தத் தொடங்கிய சங்கம் ரேடியோ இவ்வகையில் முன்னோடியாகும். இந்நிலையங்களின் சக்தி சாதாரணமாக 100 வாட்டுக்கு மேற்படாது. கோபுரமும் 30 மீட்டருக்குள் அடங்கும். சுற்றுப்புறத்துச் சில கிராமங்களுக்கு மட்டுமே குரல் எட்டும். அதனாலேயே அக்குரல் அந்தந்த மண்ணுக்கு உரியதாக இருக்க முடிகிறது.

இவ்வளவு சிறிய காரியத்துக்கு லைசென்ஸ் ஏன் என்று சில மிராசுதார்கள் கேட்பதுண்டு. முறைவைத்து நீர் பாயும் வாய்க்காலில் இருவர் ஒரே வேளையில் மடையைத் திறந்தால் விளைவதென்ன என்பதை அவர்கள் அறிவார்கள். வான அலைகளின் நிலையும் அதுவே. அலைகள் பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டும் 1995-ல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே ஒலிபரப்பு இலாகாவின் அனுமதி ஒன்று. அலைவரிசைக்கும் கருவிக்கும் தந்தி தொலைபேசிப் பகுதியைச் சேர்ந்த வயர்லெஸ் பிரிவின் உத்தரவு மற்றொன்று. இரண்டும் இன்றி ஒலிபரப்புவது குற்றமாகும்.

குறை சட்டத்தில் இல்லை. கெடுவை மறப்பதில் இருக்கிறது. முன்பு ஐந்தாண்டாக இருந்த அனுமதிக்காலம் 2024-ம் ஆண்டு விதிகளால் பத்தாண்டாக நீட்டப்பட்டது. யாவரும் இதனை வரவேற்றனர், வரவேற்கத் தக்கதே. ஆயினும் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் வேலையை நினைவில் வைப்பவர் யார்? முதலில் கையெழுத்திட்டவர் இடையில் மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர் கட்டுகளைப் புரட்டிப் பார்ப்பதற்குள் தேதி கடந்துவிடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முந்திய வாரத்தில் ஒரு நிலையத்தின் அனுமதி தீர்ந்து போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். நாற்றங்கால் விடும் நாட்களில் நிலையம் ஊமையாக நிற்கும். காகிதம் ஐப்பசியில் வந்து சேர்ந்தால் குறுவைக்காரனுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

பணமும் ஒரு தொல்லை. 2012-ல் அலைவரிசைக் கட்டணத்தை ஆண்டுக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக உயர்த்தியபோது, பல நிலையங்கள் ஒரு நாள் மௌனம் காத்துக் கண்டனம் தெரிவித்தன. உயர்வு பின்னர் கைவிடப்பட்டது. 2024 விதிகளின்படி மணிக்கு 12 நிமிஷம் விளம்பரம் செய்யலாம். பத்து செகண்டுக்கு 74 ரூபாய். கணக்கிட்டால் மணிக்கு 5,328 ரூபாய் வரும். காகிதத்தில் கணக்கு அழகாகவே இருக்கிறது. நிலையத்துக்கு விளம்பரம் கொண்டுவந்து கொடுப்பவர்தான் வேண்டும்.

நிபந்தனைகளில் மிக முக்கியமானவை குமாஸ்தாவின் பேனாவால் நிறைவேறுபவை அல்ல. நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் ஜனங்களின் பங்குடன் தயாராக வேண்டும். ஆலோசனைக் கமிட்டியில் பாதிப் பேர் ஸ்திரீகளாக இருத்தல் வேண்டும். ஒலிபரப்பியவற்றை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும். ஊரார் வராத நிலையம் முதலிரண்டையும் எப்படிக் காட்ட இயலும்? வெளியூரிலிருந்து வந்த தட்டைப் போட்டுப் பொழுதைக் கழித்துவிட்டு, பரிசோதனைக்கு வருபவரிடம் சாக்குச் சொல்வதே மிஞ்சும். நிலத்தில் புகையானை அடக்கிய மிராசுதாரர் ஒலிவாங்கியின் முன் அரைமணி உட்காருவதும், அவர் மனைவி கமிட்டியில் பெயர் கொடுப்பதும், லைசென்ஸுக்குச் செய்யும் நேரான உதவியாகும்.

இலாகாவும் தன் பங்கைச் செய்தல் அவசியம். அனுமதி முடிய ஓராண்டு இருக்கும்போதே நிலையத்துக்கு எழுத்து மூலம் நினைவூட்ட வேண்டும். உரிய காலத்தில் மனுச் செய்தவர், பதில் வரும்வரை ஒலிபரப்ப இடந்தர வேண்டும். கோப்பு மேஜையில் கிடக்கும் தாமதத்துக்குக் குடியானவன் பொறுப்பல்லன். கிராம உத்தியோகஸ்தர்களும் அருகில் உள்ள நிலையத்தின் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்பதைக் கேட்டறிந்து, கிஸ்தித் தேதிகளை எழுதிவைக்கும் அதே நோட்டில் குறித்து வைப்பது நலம்.