அலுவலகக் குப்பைக்கு யார் பொறுப்பு?

வீட்டில் பழைய செய்தித்தாள்களை அடுக்கிவைத்து எடைக்குப் போடுகிறோம். பால் உறைகளைக்கூடக் கழுவிக் காயவைத்துச் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. அதே மனிதர்கள்தாம் அலுவலகத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளைக் கசக்கி, மீந்த சாம்பார் சாதத்துடன் ஒரே கூடையில் போடுகிறார்கள். இதற்கு விழிப்புணர்வு இன்மையே காரணம் என்று கூறி, மேலும் ஒரு சுவரொட்டியை ஒட்டுவது நிர்வாகங்களின் வழக்கம். காரணம் அதுவன்று என்பதே என் கருத்து.

விதிகளுக்கும் குறைவில்லை. குப்பை உருவாகும் இடத்திலேயே அதைத் தரம் பிரிக்க வேண்டும் என்று மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஆம் ஆண்டிலேயே கூறின. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் அலுவலகங்களுக்குத் தனிப் பொறுப்புகளையும் அவை விதித்தன. ஆயினும், பல அலுவலகங்களில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வெறும் அலங்காரமாகவே நிற்கின்றன.

ஏன்? உளவியலாளர் ஐசெக் அய்சென் 1991-இல் விரிவாக எழுதிய கோட்பாடு இங்கே துணைபுரியும். ஒரு செயலில் இறங்கும் எண்ணம் மூன்றைப் பொறுத்தது என்கிறார் அவர்: அச்செயல் பற்றிய நம் மனப்பான்மை, சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பு, அது நம்மால் எளிதில் இயலும் என்ற எண்ணம். சுவரொட்டி முதலாவதை மட்டுமே தொடுகிறது. மேலதிகாரியே தேநீர்க் குவளையைத் தாள்களுக்கான தொட்டியில் வீசினால் இரண்டாவது அடிபட்டுப்போகிறது. ஒவ்வொரு மேசையின் கீழும் ஒரு கூடையை வைத்துவிட்டு, தரம் பிரிக்கும் தொட்டிகளை மின்தூக்கி அருகே வைத்தால் மூன்றாவதும் போய்விடுகிறது.

இவற்றுடன் நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: நம்பிக்கை. மாலையில் இரண்டு தொட்டிகளும் ஒரே கறுப்புப் பையில் கொட்டப்படுவதை ஊழியர்கள் ஒருமுறை பார்த்தால் போதும். மறுநாள் முதல் எவரும் பிரித்துப் போடமாட்டார்கள். இதற்குத் தூய்மைப் பணியாளரைக் குறைகூறுவது அநியாயம். பிரித்து அகற்ற அவருக்கு நேரமோ, இடமோ, அதற்குரிய கூலியோ ஒப்பந்தத்தில் ஒதுக்கப்படாதபோது அவர் என்ன செய்வார்? நம் அலட்சியத்தின் விலையைத் தருபவரும் அவரே. எச்சில் உணவுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் இடையே கைவிடுபவர் அவர்தாம். குழம்பில் ஊறிய தாளைப் பழைய பொருள் வியாபாரியும் வாங்கமாட்டார். அது கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைமேடுகளுக்கே போய்ச் சேரும்.

தீர்வுகள் எளியவை. மேசைக் கூடைகளை அகற்றி, அனைவரும் கடந்துசெல்லும் இடத்தில் தொட்டிகளைச் சேர்த்து வைக்கலாம். எவ்வளவு தாள் மறுசுழற்சிக்குச் சென்றது என்பதை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். தூய்மைப் பணி ஒப்பந்தத்திலேயே தரம் பிரித்து அகற்றுவதை நிபந்தனையாக்கி, அதற்குரிய கூலியையும் தரவேண்டும். பழைய தாள் விற்ற பணம் அப்பணியாளர்களுக்கே சேரட்டும்.

வீட்டில் பழைய தாளுக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். விற்றால் காசு அவர் கைக்கு வருகிறது. அலுவலகத்தில் அது எவருடையதும் அன்று. அந்த உரிமையையும் பொறுப்பையும் வரையறுக்க வேண்டியது நிர்வாகமே. அதைச் செய்யாமல் ஊழியர்களுக்கு உபதேசம் மட்டும் செய்வதால் பயனில்லை.